சென்னப்பன் மாமாவின் சுடுகல்

சிரிப்பு வரும், வந்தே தீரும், அதுவரைக்கும் மூச்சுக் காட்டாதே என்று திம்மராயன் தன் வயிற்றுக்குச் சொல்லிக்கொண்டான். வயிறு கேட்கிறதாக இல்லை. சாக்குக்குள் தலையை இழுத்துக்கொண்டு, ராகித்தாளை ஒரு பிடி வாயில் கவ்விக்கொண்டு, முழங்காலைத் தாடைவரை மடக்கிக்கொண்டு அவன் குலுங்கிய குலுங்கலில் தாள்போரிலிருந்து இரண்டு கைத் தாள் சரிந்து அவன் மேலேயே விழுந்தது. டேய், இது சிரிக்கிற நேரம் இல்லை, அடைகாக்கிற நேரம். முட்டையை இப்போதே உடைத்தால் வழவழவென்று ஒழுகிப்போகும். கொஞ்சம் பொறுத்தால் கோழியே கூவிக்கொண்டு வெளியே வரும். இன்னும் பத்து நிமிஷம், போனால் கால்மணி. சென்னப்பன் மாமா கம்பளிக்குள் புகுந்து, சாக்குத் துண்டில் சுற்றிய கல்லை அடிவயிற்றோடு அணைத்து, "அப்பாடா" என்று வாயைத் திறந்து, அந்த "அப்பாடா" பாதி வழியில் "ஐயய்யோ" ஆகிற கணம் ஒன்று வரும். அதைக் காதால் பிடித்துப் பத்திரப்படுத்திவிட்டால் பிளஸ் டூ முடிகிறவரை இண்டர்வல் தோறும் பையன்களைச் சுற்றி உட்காரவைத்து அதையே ஓட்டலாம். அடிவயிற்றிலிருந்து வர வேண்டும், தொண்டையிலிருந்து வந்தால் அது மாமா ஆகாது. மாமாவுக்குக் குரல் தொப்புளில் இருக்கிறது. இருமும்போதும் அங்கிருந்துதான், கொட்டாவியும் அங்கிருந்துதான். சாக்குக்குள் ஒருமுறை சத்தமில்லாமல் செய்து பார்த்தான். அப்ப்பா... யய்யோ. பரவாயில்லை. அசல் வந்ததும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

விஷயம் இவ்வளவுதான். தளிக்கு மேற்கே, காட்டை ஒட்டின களத்தில், மார்கழிக் கடைசியில், கூரையில்லாமல் வானத்தைப் பார்த்துப் படுக்கிறவனுக்குக் கம்பளி மட்டும் போதாது. கம்பளி குளிரைக் கொஞ்ச நேரம் வாசலில் நிற்கவைக்கும், அவ்வளவுதான். அதனால் காவலுக்கு வருகிறவர்கள் தேங்காய் அளவு ஆற்றுக்கல்லைக் கங்கில் புதைத்துச் சூடேற்றி, சாக்கில் சுற்றி, பிள்ளையை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டு படுப்பார்கள். நல்ல கல்லாக இருந்தால் கோழி கூவுகிறவரை தாங்கும். மாமாவின் கல் நல்ல கல். பத்து வருஷமாக அதே கல். வேறு யாரும் தொடக் கூடாது. எல்லம்மா அத்தை அதை "உங்க மாமாவோட சின்ன வீடு" என்றுதான் சொல்லும். இன்றைக்கு மாமா சாம்பல் அள்ளக் கூடையோடு அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, திம்மராயன் சின்ன வீட்டைத் தன் சாக்குக்குக் குடிமாற்றிவிட்டு, பனியில் ஊறிக் கிடந்த இன்னொரு கல்லை, கிணற்றுத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, அதே சாக்குத் துண்டில், அதே முடிச்சில் கட்டி வைத்துவிட்டான். மாமா வந்தார். மூட்டையைத் தூக்கினார். ஒரு கணம் நின்றார். "டேய் திம்மா, கல்லு நல்லாக் காஞ்சிருச்சாடா?" "கை வைக்க முடியல மாமா! தொட்டுறாதீங்க, கொப்புளம் போட்டுரும்!" "அப்படியா மாப்ள. சரி, நீ போய்ப் படு. நான் சாம்பக் கோட்டைப் போட்டுட்டுப் படுக்கறேன்." மாப்ள என்றார். சந்தோஷமாக இருந்தால்தான் மாப்ள. அங்கேயே சிரிப்பு மூக்குவரை வந்துவிட்டது. ஓடிவந்து சாக்குக்குள் தலையை விட்டவன்தான்.

இப்போது வயிற்றில் ஒரு கல், காலடியில் ஒரு கல். ராஜவாழ்க்கை. கீழே ஒரு முழத்துக்கு ராகித்தாள், மேலே சாக்கு, சாக்குக்கு மேலே போர்வை, உள்ளே பள்ளிக்கூடத்து மெரூன் ஸ்வெட்டர், தலைக்குக் குரங்குக் குல்லா. தாள் ஒரு விதமான வாசனை அடித்தது, பழைய சோற்றுக்கும் புது மழைக்கும் நடுவில். சிரித்துச் சிரித்து அடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை மெல்ல வெளியே நீட்டினான். பனி இறங்கியிருந்தது. நெருப்பு ஒரு பக்கம் சோம்பலாகக் கனன்றது. ராகிக் குவியல் கருப்பாக, உட்கார்ந்திருக்கிற பசு மாதிரி தெரிந்தது. அதன் அந்தப் பக்க ஓரத்தில் கம்பளி நீளமாகப் படுத்திருந்தது, முனையில் மாமாவின் குல்லா. சுற்றிலும் சாம்பல் கோடு. ஆகா, போட்டாயிற்று, படுத்தாயிற்று. இனி எந்த நிமிஷமும்.

எந்த நிமிஷமும் என்றால் இந்த நிமிஷம் இல்லை போல. சரி, அடுத்தது. மாமாவுக்குக் கம்பளியைச் சரிபண்ணவே நேரமாகும். காலை ஒருமுறை உதைத்து, பிறகு இன்னொரு காலை உதைத்து, "முருகா" என்று ஒன்று, ஏப்பம் ஒன்று, அதற்குப் பிறகுதான் கல். ஏப்பம் வரட்டும். ஏப்பத்தை விட்டுவிட்டால் எல்லாம் விட்டுப்போகும், கவனமாக இரு. சாம்பல் கோட்டைப் பார்த்ததும் அவனுக்குக் கிருஷ்ணகிரி ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை. மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்துப் பலகுரல் போட்டி. அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார், தலைமையாசிரியர் குரலில் இவன் அப்பாவுக்கே போன் போட்டு "உங்கள் மகன் மிகவும் ஒழுக்கமானவன்" என்று சொன்ன நாளிலிருந்து போனும் போயிற்று, போட்டியும் போயிற்று. அப்பா மதிக்கிற ஒரே வாய் சென்னப்பன் மாமாவுடையது. மாமா சாயங்காலம் கோட்டுக்குச் சாம்பல் சலித்துக்கொண்டே சொன்னார்: "காலைல பில்லப்பன் வந்து பார்க்கறப்போ இந்தக் கோடு ஒரு இடத்துலயும் கலையாம இருக்கணும். இருந்துச்சுன்னா நானே உன்னக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரு கால்தடம், ஒரே ஒரு கால்தடம் பதிஞ்சிருந்தாலும் போட்டியும் இல்ல, புண்ணாக்கும் இல்ல." நிலம் மாமாவுடையது, உழைப்பு பில்லப்பனுடையது, ராகி ஆளுக்குப் பாதி. அளக்கிறதுக்கு முந்தின ராத்திரி குவியலைச் சுற்றிச் சாம்பலால் கோடு இழுத்துவிடுவார்கள். காவல்காரன் ஒருத்தன் உள்ளே படுப்பான். உள்ளே இருந்தபடியே கோட்டைச் சுற்றி இழுத்து வந்து, இரண்டு முனையும் சேருகிற இடத்தில் சாணியில் தோய்த்த வலது கையைப் பதிப்பான், விரல்கள் வெளியே பார்க்க, வராதே நில் என்று டிராஃபிக் போலீஸ் கை காட்டுகிற மாதிரி. அதற்குப் பிறகு விடிந்து இரண்டு பங்குக்காரர்களும் வந்து பார்க்கிறவரை உள்ளே இருக்கிறவன் வெளியே வரக் கூடாது, வெளியே இருக்கிறவன் உள்ளே போகக் கூடாது, களத்தில் பேச்சும் கூடாது. போன வருஷம் பில்லப்பன் வீட்டு ஆடு ஒன்று கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. ஆடு நாலு வாய் தின்றிருக்கும். மாமா நாலு படி என்றார், பில்லப்பன் நாலு ராகி மணி என்றார், மாட்டுப் பொங்கல் முடிந்து மாசி வந்தும் இரண்டு வீடும் பேசிக்கொள்ளவில்லை. ஆடு மட்டும்தான் இரண்டு வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தது.

ஏப்பம் வரவில்லை. அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, ராத்திரி களி கொஞ்சம்தான் தின்றார். ஆனால் குறட்டையும் இல்லையே. சென்னப்பன் மாமாவின் குறட்டை மூன்று கட்டம் கொண்டது. முதலில் தளி பஸ் மேட்டில் ஏறும், பிறகு மேலே போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கும், பிறகு கியர் மாறும். திம்மராயன் அதைச் செய்தால் வகுப்பில் "டிக்கெட் டிக்கெட்" என்று கத்துவார்கள். அந்தப் பஸ் இன்றைக்குக் கிளம்பவே இல்லை. தூங்கவில்லையா? தூங்கவில்லை என்றால் கல்லைத் தொட்டிருக்க வேண்டும். கல்லைத் தொட்டிருந்தால் கத்தியிருக்க வேண்டும். ஓகோ, புரிந்தது. கத்தக் கூடாது, பேச்சுக் கூடாதே! களத்து விதி! பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார் மனுஷன். அதுவும் நல்ல காட்சிதான். ஆனால் பல்லைக் கடித்தாலும் ஒரு நெளிவு, ஒரு புரளல், கல்லைக் காலால் எட்டித் தள்ளுகிற ஒரு உதை, எதுவுமே இல்லையே. கம்பளி போட்டது போட்டபடி கிடந்தது. அவன் உற்றுப் பார்த்தான். பனி நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. மழையோ காற்றோ எதுவும் இல்லாமல் வானத்திலிருந்து குளிர் மட்டும் நேராக இறங்கி மூக்கு நுனியில் வந்து நின்றது. எங்கேயோ காட்டுக்குள் ஒரு கிளை முறிந்தது. பெரியவராக இருக்குமோ. ராத்திரியில் யானையை யானை என்று சொல்லக் கூடாது, பெரியவர். பெரியவரே, இன்றைக்கு வேண்டாம், கைவசம் நிறைய வேலை இருக்கிறது.

அறிவியல் வாத்தியார் தங்கவேலு சார் அப்போதுதான் மண்டைக்குள் நுழைந்தார். கூப்பிடாமலே வருவார், வகுப்பிலும் அப்படித்தான். மூக்கால் பேசுவார். "வெப்பம் எங்கிருந்து எங்கே பாயும்? திம்மராயன், எழுந்திரு. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் பாயும். எதுவரைக்கும் பாயும்? இரண்டும் சமமாகிற வரைக்கும் பாயும்." சரி சார், பாயட்டும் சார், உட்காரட்டுமா சார் என்று அன்றைக்கு அவர் குரலிலேயே பதில் சொல்லி வெளியே நின்றான். இன்றைக்கு அது வேறு மாதிரி கேட்டது. சூடான பொருள் யார்? மாமா. குளிர்ந்த பொருள்? கிணற்றில் முக்கிய கல். மாமாவின் அடிவயிற்றிலிருந்து சூடு புறப்பட்டுக் கல்லுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கல் குடித்துக்கொண்டே இருக்கிறது, இளநியில் குழல் போட்ட மாதிரி, சொர்ர்ர் என்று. எதுவரைக்கும்? இரண்டும் சமமாகிற வரைக்கும். கல்லும் மாமாவும் சமமானால் மாமா என்ன ஆவார்? சார், மாமா கல்லாவார் சார். உட்கார். இல்லை, உட்காராதே, எழுந்திரு. திம்மராயன் எழுந்து உட்கார்ந்தான். மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. போன மாதம் ஓசூரில் நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள். "ஒண்ணுமில்ல, வாயு" என்று வந்து சொன்னார். வாயுதான் என்று யார் கண்டது. அட, சும்மா இரு, மாமா எப்போதும் நன்றாகத்தான் தூங்குவார். தூங்கினால் குறட்டை எங்கே? குறட்டை... குறட்டை ஒரு நாளைக்கு லீவு போடக் கூடாதா? எல்லாரும் லீவு போடுகிறார்கள். தாசில்தாரும்தான் இன்றைக்கு இல்லை.

தாசில்தார் என்பது நாய். ஒரு வேலையும் செய்யாமல் எல்லார் வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு வரும் என்பதால் மாமா வைத்த பெயர். எங்கே மாமா படுத்தாலும் அவர் காலடிக்கு நேரே, கோட்டுக்கு வெளியே, சுருண்டு கிடக்கும். அதற்குக்கூட விதி தெரியும். சாயங்காலம் இருந்தது. இப்போது இல்லை. நாய் ஏன் போகும்? நாய்க்குத் தெரியும் என்பார்கள். மனுஷனுக்குத் தெரிகிறதுக்கு முன்னாலேயே நாய்க்குத் தெரியுமாம், விலகிப் போய்விடுமாம். யார் சொன்னார்கள்? அத்தைதான் சொல்லும். "நாய்க்குத் தெரியும்டா, நாய்க்கு எல்லாம் தெரியும்" என்று கண்ணை உருட்டிக்கொண்டு. தெரிந்தால் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே, தாசில்தார் பயலே. இப்போது அவனுக்கு வயிற்றில் ஒரு சூடான கல் இருந்தது, காலில் ஒரு சூடான கல் இருந்தது, நடுவில் இருந்த அவன் மட்டும் ஜில்லிட்டுப் போயிருந்தான்.

கூப்பிட்டுப் பார்க்கலாம். பேசக் கூடாதே. என் குரலில்தானே பேசக் கூடாது? அத்தை குரலில் பேசினால் அது அத்தை பேச்சு, நான் பேசினதாக எப்படி ஆகும்? களத்துக்குக் கோடு போட்டவர்கள் பலகுரலை யோசித்திருக்க மாட்டார்கள். எழுந்து கோட்டு ஓரம்வரை போய், தொண்டையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மெல்லிசாக, கொஞ்சம் கோபமாக, "ஏங்க, உங்களைத்தான். அடுப்புல வெந்நீர் கொதிக்குது, எந்திரிச்சு வாங்க" என்றான். அத்தையே அசந்துபோகும், அவ்வளவு சுத்தம். கம்பளி அசையவில்லை. மனைவி சொல்லி அசையாதவர் என்று வைத்துக்கொள்ளலாம், அதில் புதுசு ஒன்றும் இல்லை. அடுத்தது பில்லப்பன். பில்லப்பனுக்குப் பேச்சில் பாதி கன்னடம், பாதி வெற்றிலை. கன்னத்துக்குள் நாக்கை அடக்கிக்கொண்டு, "ஏனு சென்னப்பா, குவியல் என்ன சின்னதா இருக்குது? ராத்திரில எத்தன மூட்ட வீட்டுக்குப் போச்சு?" செத்த பிணம்கூட எழுந்து சண்டைக்கு வரும் பேச்சு இது. செத்த பிணம்! ஏன் அந்த வார்த்தை வந்தது? அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கம்பளி கிடந்தது. கடைசியாக இரண்டு கையையும் வாயில் குவித்து, கரகரவென்று இல்லாத மைக்கைத் தட்டி, "பொதுமக்கள் கவனத்திற்கு, பொதுமக்கள் கவனத்திற்கு, யானைக் கூட்டம் ஒன்று தற்சமயம் தங்கள் களத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுமாறு வனத்துறை சார்பாகக் கேட்டுக்கொள்ளப்படுகிறது." ஜீப் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்கூடச் சேர்த்தான். தூரத்து வீட்டில் எங்கேயோ ஒரு தகர டப்பா தட்டுகிற சத்தம் கேட்டது. ஐயோ, அவர்கள் நம்பிவிட்டார்கள். மாமா நம்பவில்லை. யானைக்கு எழாத மனுஷன் இனி எதற்கு எழுவார்?

கோட்டுக்கும் கம்பளிக்கும் நடுவில் எட்டடி இருக்கும். எட்டே அடி. கால் வைத்தால் கிருஷ்ணகிரி போச்சு. வைக்காவிட்டால்... கையை நீட்டினால் எட்டாது. ஆனால் கவைக்கோல் இருக்கிறதே! தாளைப் புரட்டுகிற பெரிய மூங்கில், முனையில் இரண்டு பிரிவு. கோல் கால் இல்லை. கால்தடம் என்றுதானே சொன்னார், கோல்தடம் என்று சொல்லவில்லையே. போர்வையை மடித்துக் கவையில் மாட்டி, குவியலில் இடிக்காமல், சாம்பலுக்கு மேலே தூக்கிப் பிடித்து நீட்டிக் கம்பளி மேல் விரித்தான். ஒரு மூலை மடங்கிக்கொண்டது. அதையும் கவையால் நீவிவிட்டான். அம்மா அவனுக்குப் போர்த்திவிடுகிறபோதுகூட இவ்வளவு பொறுமையாகச் செய்ததில்லை. திரும்பி வந்து சாக்குக்குள் படுத்தான். போர்வை போன இடத்தில் குளிர் வந்து படுத்துக்கொண்டது. போதும், கடமை முடிந்தது, தூங்கு. தூங்க முடியவில்லை. போர்வை மேலே இருக்கிறது, கல் உள்ளே இருக்கிறது, மேலே மூடினால் உள்ளே இருக்கிற கல் குடிக்கிறதை நிறுத்துமா? சார்? தங்கவேலு சார் மூக்கை மட்டும் உறிஞ்சினார். எழுந்து ஸ்வெட்டரைக் கழற்றினான். ஸ்வெட்டர் கவையில் தொங்கிக்கொண்டு போனபோது ஏதோ சின்னப் பிள்ளை ஒன்று கையை விரித்துக்கொண்டு மாமாவிடம் போகிற மாதிரி இருந்தது. பிறகு குல்லா. குல்லாவைக் கால் இருக்கிற இடமாகப் பார்த்துப் போட்டான், தலையில்தான் ஏற்கெனவே ஒன்று இருந்ததே. பிறகு மறுபடி படுத்து, மறுபடி எழுந்து, காலடியில் இருந்த கல்லை, தன்னுடையதை, கோணிப்பையில் போட்டு, பையைக் கவையில் தொங்கவிட்டு, கிணற்றில் வாளி இறக்குகிற மாதிரி இறக்கி மாமாவின் முழங்கால் பக்கம் வைத்தான். கை விட்டுப்போகிறது. இதற்கு மேல் முடியாது. வயிற்றில் இருக்கிறது மாமாவின் கல். அதைத் திருப்பித் தர வேண்டியது நியாயம்தான். ஆனால் அதையும் கொடுத்துவிட்டால் எனக்கு? எனக்கு இரண்டு கை இருக்கிறது, கக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

பத்து வருஷத்துக் கல், இன்னொரு பையில், நல்ல கனம். மூங்கில் வில்லாக வளைந்தது. பை இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் ஆடி, சாம்பலை ஒரு நூல் இடைவெளியில் தாண்டிப் போய், கம்பளிக்கு நேர் மேலே வந்து நின்றது. மெல்ல இறக்கு. மெல்ல, மெல்ல. விரல் மரத்திருந்தது. கவை ஒரு பக்கமாகப் புரண்டது. சின்ன வீடு, மூன்று கிலோவோ நாலு கிலோவோ, நேராக மாமாவின் வயிற்றில் பொத்தென்று விழுந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். இப்போது வரும். "அப்பாடா" எல்லாம் வேண்டாம், நேரடியாக "ஐயய்யோ"வே வரட்டும், அதற்குப் பின்னால் அவன் அப்பாவையும் தாத்தாவையும் சேர்த்து ஒரு பாட்டமும் வரட்டும், கவையைப் பிடுங்கி முதுகில் நாலு வைக்கட்டும், வை மாமா, நல்லா வை. ஒன்றும் வரவில்லை. முழுத்தேங்காய் அளவு கல் வயிற்றில் விழுந்தும் திட்டாதவர் மாமா இல்லை. மாமா இருந்த இடம்.

அதற்குப் பிறகு விடிகிறவரை திம்மராயன் ஓட்டைச் சாக்குக்குள் கையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு குந்தியிருந்தான். பல் தானாகத் தாளம் போட்டது. வீட்டுக்கு ஓடலாம் என்றால் குவியலைத் தனியே விட முடியாது, நடுவில் பெரியவர்கள் நடக்கிற தடம் வேறு. நெருப்புக்கு விறகு தீர்ந்திருந்தது. மாமா அவனுக்கு ஏழு வயதில் சைக்கிள் பழகிக்கொடுத்ததை நினைத்தான். விழுந்தபோதெல்லாம் "சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலயே" என்றுதான் கேட்பார். அத்தை ஓடிவரும். தலையை விரித்துப்போட்டுக்கொண்டு, "என் ராசா, களத்துக்குப் போறேன்னு சொன்னியே, கல்லைக் கட்டிக்கிட்டுப் போயிட்டியே" என்று. "போயிட்டியே"யில் அத்தைக்குக் குரல் கீழே இறங்காது, மேலே போய்க் கொஞ்சம் உடையும். உடைகிற இடத்தைச் சத்தமில்லாமல் உதட்டால் செய்து பார்த்தான். அட, சரியாக வருகிறதே. கிருஷ்ணகிரியில் இதைச் செய்தால் நடுவர்களே கண்ணைத் துடைப்பார்கள். ச்சீ. நீ மனுஷனா? மாமா அங்கே கிடக்கிறார், உனக்கு நடுவர் கேட்கிறதா? தன் கன்னத்தில் தானே ஒன்று போட்டுக்கொண்டான். குளிரில் அது இரண்டு மடங்கு வலித்தது, அதுவும் சரிதான். போலீஸ் வரும். "கல்லை மாத்தினது யாருடா?" என்று மீசைக் குரலில் கேட்பார்கள். நான்தான் சார். "எதுக்குடா?" சிரிக்கிறதுக்கு சார். "சிரிச்சியா?" இல்லை சார். அந்த இடத்தில் அவனுக்கு அழுகை வந்தது. யார் குரலும் இல்லாத அழுகை. தன் குரலே இப்படித்தான் இருக்குமா என்று ஒரு கணம் ஆச்சரியமாக இருந்தது. மாமா, எழுந்திருங்க மாமா. இனிமே யார் மாதிரியும் பேச மாட்டேன். கிருஷ்ணகிரி வேண்டாம். ஒரே ஒரு குறட்டை விடுங்க, ரெண்டாவது கட்டம்கூட வேண்டாம், மேட்டுல ஏறினாப் போதும்.

கிழக்கே பனி வெள்ளையாக வெளுத்தது. சேவல் ஒன்று கூவி, குளிரில் பாதியில் விட்டது. இனி யோசிக்க என்ன இருக்கிறது? போட்டி ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், இதை யோசிக்கவே ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டேனே, நான் என்ன பிறவி. திம்மராயன் எழுந்தான். மாமாவின் தலைப்பக்கமாகப் போனால் கிட்டே என்று குவியலைச் சுற்றிக்கொண்டு, ராத்திரி முழுக்கப் போகாத கிழக்குப் பக்கம் வந்தான். சாம்பல் கோடு வெள்ளையாக, ஒரு துகள் கலையாமல் கிடந்தது. இதோ, மிதிக்கப்போகிறேன். மாமா, பாருங்க, உங்களுக்காக மிதிக்கிறேன். வலது காலைத் தூக்கினான். தூக்கிய காலுக்கு நேர் கீழே கோட்டின் இரண்டு முனையும் சேருகிற இடம் இருந்தது. அங்கே மாமாவின் கை பதிந்திருந்தது. காய்ந்த சாணியில் ஐந்து விரலும் தெளிவாக. விரல்கள் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

குவியலைப் பார்த்து. உள்ளே பார்த்து. கால் அந்தரத்திலேயே நின்றது. உள்ளே இருந்து பதித்தால் விரல் வெளியே பார்க்க வேண்டும். விரல் உள்ளே பார்க்கிறது என்றால் கை வெளியே இருந்து வந்திருக்கிறது. கை வெளியே இருந்தால் ஆளும் வெளியே. ஆள் வெளியே இருந்தால் உள்ளே... அவன் தலையைத் திருப்பிக் கம்பளியைப் பார்த்தான், இந்த ராத்திரியில் முதல் தடவையாக வெளிச்சத்தில், இந்தப் பக்கத்திலிருந்து. மாமாவின் குல்லாவுக்குள், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில், ராகித்தாள் நாலைந்து கொத்தாக நீட்டிக்கொண்டிருந்தது. மூட்டையைத் தூக்கி ஒரு கணம் நின்றாரே. மாப்ள என்றாரே. நான் சாக்குக்குள் தலையை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த அந்தக் கால்மணி நேரம்.

வரப்பில் தாசில்தார் முதலில் வந்தது. முதுகெல்லாம் அடுப்புச் சாம்பல், நல்ல தூக்கம் தூங்கி எழுந்த கொட்டாவி. அதன் பின்னால் அத்தையின் பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு, கையில் ஆவி பறக்கிற லோட்டாவோடு, சென்னப்பன் மாமா. அந்தரத்தில் கால் தூக்கி நிற்கிற மருமகனைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். கம்பளியைப் பார்த்தார்: அதன் மேல் போர்வை, போர்வை மேல் மெரூன் ஸ்வெட்டர், கால்மாட்டில் ஒரு குல்லா, முழங்காலில் ஒரு சுடுகல், வயிற்றில் சின்ன வீடு. அந்த ராத்திரி அந்தக் களத்தில் குளிரே தெரியாமல் சுகமாகப் படுத்திருந்தது ஒரு கட்டு ராகித்தாள் மட்டும்தான். திம்மராயன் "மா..." என்று வாயைத் திறந்தான். மாமா லோட்டாவை இடது கைக்கு மாற்றி, விரலை உதட்டில் வைத்தார். கோடு போட்ட களம், பேசக் கூடாது.

திம்மராயன் தூக்கிய காலை, சாம்பலில் ஒரு துளி படாமல், மெல்லப் பின்னால் எடுத்து வைத்தான். இப்போதாவது சிரிக்கலாமா என்று வயிறு கேட்டது.